திறக்காத கியர் பாக்ஸுக்கு 31,600 ரூபாய்

அனுப்புநர்
ஒரு விவசாயி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
டிராக்டர் நிறுவனத் தலைமை அலுவலகம்.

நாள்: 07.07.2025

பொருள்: கியர் சிக்கிய டிராக்டரைப் பழுது பார்த்ததாகச் சொல்லி, செய்யாத வேலைக்குத் தங்கள் டீலரின் சர்வீஸ் சென்டர் பணம் வாங்கியது குறித்து.

ஐயா,

வணக்கம். என்னிடம் இருப்பது தங்கள் நிறுவனத்தின் 35 குதிரைத்திறன் டிராக்டர், 1997 மாடல். 2004-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இருபத்தொரு வருடமாக எனக்கு உழுவதும் அதுதான், களத்திலிருந்து நெல் மூட்டை இழுப்பதும் அதுதான். வண்டியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தங்கள் சர்வீஸ் சென்டரில் நான் எதைக் கேட்டாலும் “வண்டி பழசு” என்றுதான் பதில் வந்தது.

இந்த ஆண்டு ஜூன் 12-ல் மேட்டூரையும் 15-ல் கல்லணையையும் திறந்தார்கள். மூணாறு தலைப்பு மதகுகளைத் தாண்டி எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும் என்று, மே 25-ஆம் தேதியே போர்வெல் தண்ணீரில் ஆடுதுறை 43 நெல் நாற்று விட்டிருந்தேன். பதினைந்து மா, அதாவது ஐந்து ஏக்கர் நடவு. 17-ஆம் தேதி சாயங்காலம் கேஜ் வீல் (சேற்றில் புதையாமலிருக்கப் போடும் இரும்புச் சக்கரம்) மாட்டிச் சேறடித்துக்கொண்டிருந்தேன். வயல் மூலையில் திருப்ப முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்குத் தள்ளியபோது ‘டக்’கென்று ஒரு சத்தம். அதோடு கியர் லிவர் தொளதொளவென்று ஆட ஆரம்பித்துவிட்டது. எந்தப் பக்கம் தள்ளினாலும் எதிலும் விழவில்லை. கிளட்சை மிதித்திருக்கும்வரை எஞ்சின் ஓடும். காலை எடுத்தால் முக்கி முனகி அணைந்துவிடும்.

பக்கத்து வயல்காரர் அவர் வண்டியில் சங்கிலி கட்டி இழுத்தபோது ஒன்றைக் கவனித்தேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஹை-லோ லிவர் லோவில் இருந்தவரை பின் சக்கரம் கல்லாக நின்றது. அதை நடுவில் தள்ளி, மெயின் கியருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு விட்டதும் வண்டி தாராளமாக உருண்டது. அப்படியென்றால் கோளாறு கிளட்சிலும் இல்லை, பின்னால் சக்கரத்தைச் சுற்றுகிற கிரவுன் பல்சக்கரத்திலும் இல்லை. மெயின் கியரில் இரண்டு ஒரே நேரத்தில் விழுந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. பழைய வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை.

எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் மகள் பிரசவத்துக்காகத் திருச்சி போயிருந்தார். சரி, கம்பெனி ஆட்களே பார்க்கட்டும் என்று தங்கள் சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தேன். மறுநாள் ஒரு பையன் வந்தார். வயலோரத்தில் நின்றபடியே “கிளட்ச் பிளேட் போச்சு” என்றார். நான் ஹை-லோ விஷயத்தைச் சொன்னதும் “அப்ப பாக்ஸை இறக்கணும் பெரியவரே” என்று மாற்றிக்கொண்டார். 19-ஆம் தேதி வண்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு நாளில் தருவதாகச் சொன்னது பத்து நாளானது. ஒவ்வொரு முறை கேட்டபோதும் பேரிங் சென்னையிலிருந்து வரவேண்டும் என்றார்கள். ஒருநாள் நேரில் போனேன். வண்டி ஷெட்டின் பின்பக்கம் நின்றது. கவுண்டரில் இருந்தவர் புது மாடல் நோட்டீஸைக் கையில் கொடுத்து, எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடச் சொன்னார். நாற்றங்காலில் பயிர் முற்றிக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

நாற்று விஷயம் தங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆடுதுறை 43 கிட்டத்தட்ட 110 நாள் பயிர். இருபத்தைந்து நாளுக்குள் பறித்து நட்டுவிட வேண்டும். அதற்கு மேல் வயது ஏறினால் தூர் கட்டாது, வளர்வதற்குள் கதிர் வாங்கிவிடும். வண்டி என் வீட்டு வாசலுக்கு வந்த ஜூன் 28 அன்று என் நாற்றுக்கு வயது 34. வாடகை வண்டி பிடித்திருக்கலாமே என்பீர்கள். தண்ணீர் வருகிற வாரத்தில் டெல்டாவில் வாடகை டிராக்டர் பிடிப்பதும் தீபாவளிக்கு முதல் நாள் பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதும் ஒன்றுதான்.

வாங்கிய தொகை 31,600 ரூபாய். பேரிங், கியரைத் தள்ளுகிற ஃபோர்க் செட் 11,400, கியர் ஆயில் 8,200, கூலி 12,000. கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்புப் போட்ட ஒரு துண்டுச் சீட்டு, நம்பர் கூட இல்லை. முறையான பில் கேட்டால், ஜிஎஸ்டி சேர்ந்துவிடும் பரவாயில்லையா என்று எனக்கு உபகாரம் செய்வதுபோலக் கேட்டார்கள். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டேன். குப்பையில் போய்விட்டதாம்.

பத்து மா சேறடித்திருப்பேன். ஜூலை 1 அன்று அதே மூலை, அதே ‘டக்’.

அதற்குள் பட்டறைக்காரர் ஊர் திரும்பியிருந்தார். மறுநாள் காலை வந்து, கியர் பாக்ஸின் மேல்மூடியான டாப் கவரில் அப்பியிருந்த சேற்றைத் துணியால் துடைத்தவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கவரில் உள்ள போல்ட்டுகளில் ஒன்று தங்கள் கம்பெனியுடையது இல்லை. 2011-ல் ஒரு போல்ட் தொலைந்துபோய், மரை ஒத்துவந்த ஒரு பம்புசெட் போல்ட்டை நானே போட்டேன். ஆயில் கசியாமலிருக்க சைக்கிள் டியூபில் வாஷர் வெட்டிக் கொடுத்து, துரு ஏறாமலிருக்க வீட்டு ஜன்னலுக்கு வாங்கி மீந்த பச்சை பெயிண்டை மேலே தடவினேன். அந்தப் பெயிண்ட் போல்ட்டின் தலையிலிருந்து கவர் வரைக்கும் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே பிடித்திருந்தது. “மாமா, இதை யாரும் தொட்டதே இல்லையே” என்றார். ஸ்பேனரை வைக்கும் முன்பே போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்த போல்ட்டைக் கழற்றாமல் கவர் வராது. கவரை எடுக்காமல் பேரிங்கும் மாற்ற முடியாது, ஃபோர்க்கும் மாற்ற முடியாது.

உள்ளே பார்த்தது இதுதான். லிவரின் அடி நுனி தேய்ந்து மொக்கையாகிவிட்டது. அதனால் கியரை மாற்றுகிற ஷிஃப்டர் ராடுகளின் வெட்டில் சரியாக உட்காராமல் இரண்டுக்கும் நடுவில் நழுவியிருக்கிறது. ஒரு ராடு முதல் கியரிலேயே நிற்க, இன்னொன்று ரிவர்ஸுக்குப் போய்விட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் அப்படிப் போகாமல் தடுக்கிற சின்னக் கம்பியும் (தடுப்புப் பின்) தேய்ந்திருந்தது. ராடை அதனதன் இடத்தில் நிறுத்துகிற குண்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் துருவேறி இரண்டு துண்டு. லிவரின் ரப்பர் கவர் கிழிந்து, அந்த வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தது. அது நான் சேறடித்த இரண்டு நாளில் போன தண்ணீர் என்று சொல்லலாம். ஆனால் அடியில் விரலை விட்டால் ஒரு கணு அளவுக்கு வண்டல். இரண்டு நாளில் அவ்வளவு படியாது.

பட்டறைக்காரர் இரண்டு ஸ்குரூ டிரைவரால் ராடுகளை நெம்பி, வெட்டுகளை நேர் வரிசைக்குக் கொண்டுவந்தார். லிவர் நுனியில் வெல்டிங் வைத்து, கிரைண்டரில் பிடித்து, வெட்டில் வைத்து வைத்துப் பார்த்துப் பழைய அளவுக்கு இழைத்தார். தடுப்புப் பின், ஸ்பிரிங், ரப்பர் கவர் மூன்றும் புதிது. டீசல் ஊற்றி பாக்ஸைக் கழுவினோம். ஆயில் நீங்கலாக 1,850 ரூபாய், அரை நாள் வேலை. இன்றுவரை கியர் வெண்ணெயாக விழுகிறது. பேரிங்குகள் பழையவைதான், அவற்றில் ஒரு கோளாறும் இல்லை என்றும் சொன்னார்.

தங்கள் ஆட்கள் என்ன செய்திருப்பார்கள் என்பது என் ஊகம்: லிவரின் மூடியை மட்டும் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கம்பியை விட்டு ராடை நெம்பி நியூட்ரலுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். அவசரத்துக்கு வயலிலேயே செய்கிற வேலைதான் அது, தப்பில்லை. அதற்கு நூறு இருநூறு கேட்டிருந்தால் டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். வாங்கிய 31,600 ரூபாயை முழுதாகத் திருப்பித் தரவேண்டும். அப்புறம், கடைசி ஐந்து மாவுக்கு நான் கொடுத்த வாடகை உழவு 2,400 ரூபாயையும் தரவேண்டும். நாற்று முற்றியதால் குறையப்போகிற மகசூலுக்கு இப்போது கணக்குச் சொல்ல முடியாது, அறுவடைக்குப் பிறகு எழுதுகிறேன். பேரிங் மாற்றியது உண்மை என்று தங்கள் டீலர் சாதித்தால், அந்தப் பேரிங்கைக் கம்பெனியிடமிருந்து வாங்கிய பில்லைக் காட்டட்டும். காட்டினால் அந்த 11,400 ரூபாயை விட்டுவிடுகிறேன்.

பில் தராமல் விற்பதும் வேலை செய்வதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை என்றே இருக்கிறது. முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருட அவகாசமும் உண்டு.

தங்கள் இன்ஜினியர் யாராவது நேரில் வந்து பார்ப்பதானால் வரலாம். கவரை மறுபடி மூடியபோது புது போல்ட் போட்டுவிட்டோம். பச்சை போல்ட்டை சைக்கிள் டியூப் வாஷரோடு தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நடவு முடிந்துவிட்டது, பகலில் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: எஸ்டிமேட் சீட்டின் நகல், டாப் கவர் போட்டோ 4, உடைந்த ஸ்பிரிங் போட்டோ 1.