வாஷிங்டனின் மூக்குக்கண்ணாடி

அன்பு நண்பா,

நலம். உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே பேத்திக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போர். அவளுக்காகப் படிக்க ஆரம்பித்து, இப்போது ராத்திரி பதினோரு மணி வரை நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நாம் சாயங்காலம் நடந்து போவோமே, இந்தக் கடலூர் வரைக்கும் அந்தப் போர் வந்திருக்கிறது, தெரியுமா? அமெரிக்கர்களுக்காக 1778-ல் பிரான்ஸ் இறங்கியதும், பிரிட்டனும் பிரான்சும் எதிரெதிரே இருந்த இடமெல்லாம் சண்டை. 1783 ஜூனில் ஊருக்குள் பிரெஞ்சுப் படை, வெளியே ஆங்கிலேயர் முற்றுகை, கடலில் இரண்டு கப்பற்படைகள். ஆனால் ஐரோப்பாவில் ஜனவரியிலேயே இருவரும் முதல்கட்ட சமாதானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சேதி கப்பலேறி இங்கே வந்து சேர ஐந்து மாதம். ஜூனில் செத்தவர்களில் சென்னைப் படையின் சிப்பாய்களும் உண்டு. நேற்று மணலில் உட்கார்ந்து வெகுநேரம் அவர்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேத்தியின் நோட்டில், 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டிய தேயிலை, 1776 ஜூலை 4 சுதந்திரப் பிரகடனம், 1781-ல் யார்க்டவுனில் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் சரண், அத்தோடு பாடம் முடிந்தது. (அதே கார்ன்வாலிஸ்தான் பின்னால் இங்கே வந்து, திப்புவின் இரண்டு மகன்களைப் பிணையாகக் கொண்டுபோனவர்.) என்னை அசைத்தது அதற்கப்புறம் நடந்தது.

அவர்களுடைய காங்கிரசுக்கு, அதாவது மாநிலங்களின் பொது அவைக்கு, வரி போடும் அதிகாரமே இல்லை. மாநிலங்களிடம் கேட்கலாம், அவ்வளவுதான். படைக்குச் சம்பளம் பாக்கி. 1783 மார்ச்சில் நியூபர்க் முகாமில் அதிகாரிகள் காங்கிரசை மிரட்டுவது பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தளபதி வாஷிங்டன் அந்த அதிகாரிகள் முன்னால் போய் நின்று பேசினார். முகங்கள் இளகவில்லை. ஒரு கடிதத்தை எடுத்துப் படிக்கப் பார்த்தார், எழுத்து தெரியவில்லை. பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டே, உங்களோடு உழைத்துத்தான் தலை நரைத்தது, இப்போது கண்ணும் மங்குகிறது என்கிற மாதிரி ஏதோ சொன்னாராம். அவர் கண்ணாடி போட்டு அவர்களில் பலர் பார்த்ததே இல்லை. சிலர் அழுதுவிட்டார்கள். மிரட்டல் பேச்சு அதோடு நின்றது. டிசம்பரில் அவர் அனாபொலிஸ் போய்க் காங்கிரசிடம் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஜெயித்த தளபதி இப்படிச் செய்வது எத்தனை அபூர்வம்!

1787 கோடையில் பிலடெல்பியாவில், பேச்சு வெளியே போகக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு அரசியல் சட்டம் எழுதினார்கள். சிறிய மாநிலங்களுக்கும் பெரியவற்றுக்கும் பெரும் தகராறு. ஒரு அவையில் மக்கள்தொகைப்படி இடம், செனட் என்ற இன்னொரு அவையில் மாநிலத்துக்கு இரண்டு என்று தீர்த்தார்கள். அந்தச் சாமர்த்தியத்தை மெச்சுகிறேன். ஆனால் அதே அறையில், இடங்களைப் பங்கிட அடிமைகள் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணலாம் என்றும் முடிவானது. ஓட்டு அவர்களுக்குக் கிடையாது, அவர்களால் கூடும் இடங்கள் எஜமானர்களின் மாநிலங்களுக்கு. நான் கும்பிட நினைக்கும் வாஷிங்டனும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். இதை எப்படி ஏற்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

பேத்தி கேட்டாள்: "மிச்சம் ரெண்டு பேர் எங்கே போனாங்க தாத்தா?" அடிமைமுறை ஒழிந்த 1865 வரை சொல்ல வேண்டியதாயிற்று. சாப்பாடு ஆறிவிட்டது.

பொங்கலுக்கு வா. அவளுக்கு மீதியை நீ சொல். அப்புறம் மூன்று பேருமாகக் கடற்கரைக்குப் போகலாம்.

அன்புடன்,
உன் கடலூர் நண்பன்