ட்ரூபல் நிறுவல் ப்ரொஃபைல்களை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிரலாளர்களே,

ட்ரூபல் என்ற இணையதள மென்பொருளின் வெறும் கோரை (core, அதாவது மைய நிரலை) இறக்கி, கூடுதல் வசதிகளைத் தரும் மாட்யூல்களைத் தேடிச் சேர்த்து, உள்ளடக்க வகைகளையும் அனுமதிகளையும் ஒவ்வொன்றாக அமைக்கச் சிறு அமைப்புகளுக்கு ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது. அந்த வேலை முழுவதையும் நீங்கள் ப்ரொஃபைல் என்ற தொகுப்பாக்கி, ஒரே நிறுவலுக்குள் அடக்கித் தருகிறீர்கள். அந்த நன்றியோடு ஒன்றைக் கேட்கிறேன்: நிறுவல் முடிந்ததும் தளம் முழுக்க அவர்களுடையதாகிவிட வேண்டும்.

பல ப்ரொஃபைல்களில் அப்படி ஆவதில்லை. நிறுவலின்போது வரும் படிவங்களை இடைபுகுந்து மாற்றும் ஹூக் (hook) என்ற நிரல்வழி கையில் இருப்பதால் அவற்றின் கேள்விகளை மறைப்பது எளிது. நேர மண்டலம் போன்றவற்றை மறைத்தால் பெரிய இழப்பில்லை. ஆனால் புதுப்பிப்புகளைத் தானாகத் தேடவும், மின்னஞ்சலில் தெரிவிக்கவும் சம்மதம் கேட்கும் இரண்டு தேர்வுப்பெட்டிகளைத் தயவுசெய்து மறைக்காதீர்கள். 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7-இல் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் (தரவுத்தளத்துக்குள் வெளியார் கட்டளைகளைப் புகுத்த வழிவிடும்) ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்து 7 மணி நேரத்துக்குள் சரிசெய்யப்படாத தளம் எதுவானாலும் ஊடுருவப்பட்டதாகவே கருதுங்கள் என்று பாதுகாப்புக் குழு பிறகு சொன்னது. ப்ரொஃபைலோடு கோரையும் சேர்த்துக் கட்டிய விநியோகத்தை (distribution) நம்பியிருந்தவர்களுக்கு இரண்டே வழிகள்: தாங்களே கோரைத் திருத்துவது, இல்லையென்றால் உங்கள் அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருப்பது. ஓட்டை இருக்கும் செய்தியே எட்டாதவருக்கு அந்த இரண்டும் இல்லை.

அட்மின் கணக்குப் படிவமும் அப்படித்தான். அதை மறைத்துவிட்டு எல்லாத் தளங்களுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து அனுப்புவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

அடுத்தது கட்டமைப்பு. ப்ரொஃபைலின் பெயர் தளத்தின் கட்டமைப்பிலேயே பதிந்துவிடுகிறது. நெடுங்காலம் அதை நீக்க முறையான வழியே இருக்கவில்லை; ஆசிரியர் கைவிட்ட ப்ரொஃபைலையும் தளம் சுமந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. ட்ரூபல் 10.3 பதிப்பிலிருந்து நீக்க முடிகிறது. ஆனால் தளம் பயன்படுத்தும் மாட்யூல்களும், தோற்றத்தைத் தரும் தீமும் ப்ரொஃபைலின் கோப்புறைக்குள்ளேயே இருந்தால் அந்தக் கதவும் சாத்தியதுதான். அவற்றைத் தனித் திட்டங்களாக வெளியிட்டு, தேவையான நிரல்களை இறக்கித் தரும் கம்போசர் கருவி வழியாகச் சார்புகளாக அறிவியுங்கள். உங்களுக்கு ஒரு நாள் கூடுதல் வேலை. தளக்காரருக்கோ பல ஆண்டுச் சுதந்திரம். இயல்புக் கட்டமைப்பைச் சொந்தத் தளத்திலிருந்து ஏற்றுமதி செய்து தருகிறீர்கள் என்றால், அந்தத் தளத்துக்கே உரிய யூயூஐடி (தனித்த அடையாளக் குறியீடு) வரிகளை அழித்துவிட்டுத் தாருங்கள்.

உங்களில் பலருக்கு இனி ப்ரொஃபைலே தேவைப்படாது என்றும் நினைக்கிறேன். அதே 10.3-இல் வந்த ரெசிப்பிகள் மாட்யூல்களை நிறுவி, கட்டமைப்பை அமைத்துவிட்டு விலகிக்கொள்கின்றன. தளம் அவற்றைச் சார்ந்து நிற்பதில்லை. நிறுவலின் நடுவே சொந்தத் திரைகள் வேண்டும், படிகளின் வரிசையை மாற்ற வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் ப்ரொஃபைல் இன்னும் தேவை. அவர்களுக்கும் முன்மாதிரி இருக்கிறது: 2025 ஜனவரியில் வெளியான ட்ரூபல் சிஎம்எஸ் என்ற ஆயத்தத் தொகுப்பின் நிறுவி ஒரு ப்ரொஃபைல்தான். கேட்க வேண்டியதைக் கேட்டு, ரெசிப்பிகளைச் செயல்படுத்தி, கடைசிப் படியில் தன்னையே நீக்கிக்கொள்கிறது. நிறுவும் நிரல் நடந்துகொள்ள வேண்டிய முறை இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே அடுத்த பதிப்பை வெளியிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். காலியான தரவுத்தளத்தில் உங்கள் ப்ரொஃபைலை நிறுவி, சில பக்கங்களை எழுதிவிட்டு, ப்ரொஃபைலை நீக்கிப் பாருங்கள். நீக்க முடியவில்லை என்றாலோ, எழுதிய பக்கம் திறக்கவில்லை என்றாலோ, சரிசெய்த பிறகே வெளியிடுங்கள். உடனே சரிசெய்ய இயலாவிட்டால், எது நீங்காது, ஏன் நீங்காது என்பதை நிறுவலின் முதல் திரையிலேயே பயனருக்குச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ப்ரொஃபைல்களில் இயங்கும் தளங்களைப் பராமரிக்கும் ஒருவர்