பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கும் பெற்றோரும் வரிசையில் நிற்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி மைதானமோ, மாநகராட்சிப் பூங்காவோ, மாலையில் டேக்வாண்டோ என்கிற கொரியத் தற்காப்புக் கலை வகுப்பு நடக்கும் இடங்களில் ஒரே காட்சிதான். பிள்ளைகள் வெள்ளை உடையில் வரிசையாக நிற்கிறார்கள். பெற்றோர் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் நீங்களும் கற்றுக்கொள்ளலாமே என்று பயிற்றுவிக்கிற நாங்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். சிலர் சேர்கிறார்கள். அவர்களில் பலர் இரண்டு மாதம் முடிவதற்குள் முழங்கால் வலி, தொடைப் பிடிப்பு என்று நின்றுவிடுகிறார்கள். வயதைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு வகுத்த பயிற்சியை நாற்பது வயது உடம்புக்கு அப்படியே கொடுப்பதுதான் தவறு. இந்தத் தவறில் பயிற்றுநர்களுக்கும் பங்கு இருப்பதால் இதைத் தங்கள் நாளிதழ் வழியாகவே சொல்ல விரும்புகிறோம்.

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டேக்வாண்டோ பதக்க விளையாட்டானது. அன்று முதல் தொலைக்காட்சியில் நாம் பார்ப்பதெல்லாம் தலைக்கு மேல் பாயும் உதைகளைத்தான். அது இந்தக் கலையின் ஒரு பாதி. மறுபாதி பூம்சே. தடுப்பு, குத்து, உதை ஆகியவற்றை ஒரு வரிசையில் கோத்து, எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் முறை அது. இதற்கென 2006 முதல் உலகப் போட்டி நடக்கிறது. அதில் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் சொல்வது அதனால்தான். குதிக்காமல், இடுப்புக்கு மேல் கால் போகாமல், அவர்கள் பூம்சே மட்டும் செய்தால் போதும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த முறை என்பது. சியோலில் உள்ள குக்கிவோன் தலைமையகத்தின் முறை ஒன்று, ஐ.டி.எஃப். எனப்படும் சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பின் முறை மற்றொன்று. முதலாவதில் தொடக்கப் பூம்சே தேகுக் இல் ஜாங், 18 அசைவுகள். இரண்டாவதில் சொன்ஜி, 19 அசைவுகள். நிற்கும் நிலையும் உடம்பை ஏற்றி இறக்கும் விதமும்கூட மாறும். பிள்ளை பள்ளியில் ஒரு முறையையும் அப்பா வேறிடத்தில் இன்னொரு முறையையும் கற்றால், வீட்டில் சேர்ந்து பயிற்சி செய்யும்போது குழப்பம்தான் மிஞ்சும்.

அடுத்து, தரையைக் கவனியுங்கள். ஒன்றோடொன்று கோக்கும் ஒரு மீட்டர் சதுர மேட்தான் வழக்கம். அதில் 20 மில்லிமீட்டருக்குக் குறையாத கனம் வேண்டும். குழந்தைகள் தவழ்ந்து விளையாட விற்கும் மெல்லிய மேட் இதற்கு உதவாது. மெத்தை போல மிருதுவாக இருப்பதும் நல்லதல்ல. பாதம் அமிழ்ந்துபோனால், உடம்பு திரும்பும்போது பாதம் திரும்பாது. இணைப்புகளில் இடைவெளி இருந்தால் கால்விரல் மாட்டும். பூங்காவில் பேவர் பிளாக் மேல்தான் வகுப்பு என்றால், அங்கே உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டிலிருந்து வீசும் ரவுண்ட்ஹவுஸ் கிக் வேண்டவே வேண்டாம். நேராக உதைப்பதும் பூம்சேயும் போதும்.

உடை விஷயத்தில் அவசரம் தேவையில்லை. முதல் மாதம் டிராக் பேன்ட்டும் டி-ஷர்ட்டும் போதும். டோபோக் என்கிற வெள்ளை உடை உயரத்தை வைத்து 120, 130, 140 என்று பத்துப் பத்து சென்டிமீட்டர் அளவில் கிடைக்கும். பிள்ளைக்கு ஒரு அளவு கூடுதலாக வாங்கலாம். அதற்கு மேல் பெரிதானால் கால் மடிப்பு அவிழ்ந்து தடுக்கும். இருவர் மோதிப் பழகும் ஸ்பாரிங்குக்கான தலைக்கவசம், மார்புக் கவசமெல்லாம் முதல் ஆறு மாதத்துக்குத் தேவைப்படாது. குடும்பத்துக்கே மொத்தமாக ‘கிட்’ வாங்கச் சொன்னால் யோசியுங்கள்.

பெண்கள் நகை விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. பல இடங்களில் கூச்சத்தால் யாரும் பேசாத விஷயம் இது. உதைத்துப் பழக இன்னொருவர் கையில் பிடிக்கும் மெத்தைதான் பேட். மெட்டியோடு அதை உதைத்தால் மெட்டி பக்கத்து விரலைக் கிழிக்கும். பிடித்திருப்பவர் கையையும் காயப்படுத்தும். வகுப்பு முடியும்வரை கழற்றி வைப்பது நல்லது. கழற்ற மனமில்லாதவர்கள் விரலோடு சேர்த்து மருந்துக்கடைப் பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு, பேடைத் தவிர்த்துக் காற்றில் மட்டும் உதைக்கலாம். தாலிச் சங்கிலியை உள்ளே போட்டு, மேலே இறுக்கமான டி-ஷர்ட் அணிந்து, அதற்கு மேல் டோபோக் அணியலாம். சங்கிலியில் கோத்திருக்கும் ஊக்கை மட்டும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். கண்ணாடி வளையல் கூடாது. இதையெல்லாம் மாஸ்டர் முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் பொதுவாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடம் இருக்காது.

இனி உதைக்கு வருவோம். ஃபிரன்ட் கிக், கொரிய மொழியில் ஆப் சாகி, நான்கு பகுதிகள் கொண்டது. முழங்காலை மடக்கி உயர்த்துவது, நீட்டுவது, மறுபடி மடக்குவது, காலைக் கீழே வைப்பது. புதிதாக வருகிறவர்கள் மூன்றாவதை விழுங்கிவிட்டு, நீட்டிய காலை அப்படியே தரையில் போடுவார்கள். உடம்பு முன்னால் விழும், முழங்கால் அதிரும். விரல்களை மேல்நோக்கி மடக்கி, விரல்களின் அடியில் உள்ள சதைப்பகுதியால் பேடைத் தொட வேண்டும். விரல் நுனி பட்டால் பெருவிரல் சுளுக்கிக்கொண்டு இரண்டு வாரம் செருப்புப் போட விடாது. வீட்டில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிறுத்தி நிறுத்திக் காலுக்குப் பத்து முறை செய்தால் போதும். மெதுவாகச் செய்வதே கடினம், பயனும் அதில்தான்.

பெரியவர்களின் முழங்காலைப் பதம் பார்ப்பது ரவுண்ட்ஹவுஸ் கிக். உதைக்கும் காலைவிட ஊன்றிய காலுக்கே இதில் ஆபத்து அதிகம். இடுப்பு திரும்பும்போது ஊன்றிய பாதமும் திரும்பி, உதை சேரும் நேரத்தில் குதிகால் இலக்கைப் பார்க்க வேண்டும். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு நிற்க, மேல் உடம்பு மட்டும் சுழன்றால், அந்த முறுக்கு முழுவதும் முழங்கால் மூட்டில் இறங்கும். பிள்ளைகளின் எடை குறைவு, இடுப்பும் இளகியது. அதனால் தவறாகச் செய்தாலும் பல நேரம் தப்பித்துக்கொள்வார்கள். எண்பது கிலோ அப்பா தப்ப மாட்டார். ஆகவே பெரியவர்கள் முதல் மூன்று வாரம் உதைக்காமல் திரும்ப மட்டும் பழக வேண்டும். சுவரில் கை வைத்து, குதிகாலை லேசாகத் தூக்கி, முன்பாதத்தில் சுழன்று, முழங்காலை உயர்த்தி நிறுத்துவது. காலுக்குப் பத்து. அதன்பின் உதைத்தாலும் முதல் மூன்று மாதம் பெல்ட் உயரத்தைத் தாண்ட வேண்டாம். பக்கத்தில் மகள் தலை உயரத்துக்கு உதைக்கிறாள் என்பது அம்மா தன் காலை வீசுவதற்குக் காரணமாகாது.

தொடையின் பின்தசை இழுத்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு. வந்தவுடன் சூடேறாத உடம்பைக் குனிய வைத்து எம்பி எம்பி நீட்டுவது அது. முதலில் எட்டு முதல் பத்து நிமிடம் நடை, மெல்லோட்டம், முழங்கால் உயர்த்தல், கால் வீச்சு. அசையாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங் வகுப்பின் கடைசியில், ஒரு காலுக்கு 30 வினாடி, இரண்டு தடவை. காலை அகட்டி உட்காரவைத்து முதுகில் ஏறி அமுக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பிள்ளையானாலும் பெரியவரானாலும் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பூம்சே மனப்பாடத்தில் நிலைமை தலைகீழ். பிள்ளைகள் முந்துவார்கள், பெற்றோர் தடுமாறுவார்கள். தேகுக் இல் ஜாங்கைப் பதினெட்டு எண்ணாக மனப்பாடம் செய்யாமல் மூன்று குறுக்குக் கோடுகளாகவும் அவற்றை இணைக்கும் ஒரு நடுக்கோடாகவும் மனதில் வரைந்துகொள்ளுங்கள். முதல் குறுக்குக் கோட்டில் முதலில் இடப்பக்கம், பிறகு வலம். இரண்டாவதில் முதலில் வலம், பிறகு இடம். மூன்றாவதில் மறுபடி இடம் முதலில். ஏழாவது அசைவில் பெரும்பாலோர் தவறான பக்கம் திரும்புவது இந்த மாற்றம் மனதில் நிற்காததால்தான். இன்னொரு குறிப்பும் உதவும். நடுக்கோட்டில் மட்டுமே நீண்ட நிலை. அதாவது 5, 6, 11, 12, 17, 18 ஆகிய அசைவுகள். மற்றதெல்லாம் சாதாரணமாக நடக்கும்போது இரு கால்களுக்கும் இடையே விழும் தூரம்தான். நீண்ட நிலையில் முன்கால் மடங்கி, உடம்பு எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாங்கும். பின்கால் நேராக இருக்கும். கடைசி இரண்டும் புறப்பட்ட இடத்தை நோக்கித் திரும்பி வருபவை. பதினெட்டாவது குத்தோடு கிஹாப் என்ற முழக்கம். அந்த முழக்கம் மூச்சை வெளியே விடச் செய்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு குத்துவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

குடும்பமாகச் செய்யும்போது வரும் தனிச் சிக்கல் பேட் பிடிப்பது. பிள்ளை உதைக்க அப்பா பிடிக்கலாம். முட்டி போட்டு, பிள்ளையின் வயிற்று உயரத்தில், முழங்கையைச் சற்றுத் தளர்த்தி, பேடைத் தன் முகத்திலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டும். அப்பா உதைக்கப் பிள்ளை பிடிக்கவே கூடாது, விளையாட்டுக்குக்கூட. 25 கிலோ உடம்பின் மணிக்கட்டும் முழங்கையும் அந்த வேகத்தைத் தாங்காது. பெரியவருக்குப் பெரியவர்தான் ஜோடி. பிள்ளைக்கு அந்த நேரத்தில் எண்ணும் வேலையைக் கொடுங்கள். ஹானா, துல், செட், நெட், தாசோட் என்று அது உரக்கச் சொல்ல, அப்பாவும் அம்மாவும் உதைக்கட்டும்.

வகுப்பில் வரிசை, தேர்ச்சி நிலையைக் காட்டும் பெல்ட்டைப் பொறுத்தது, வயதைப் பொறுத்ததல்ல. மஞ்சள் பெல்ட் மகன் முன்னாலும் வெள்ளை பெல்ட் அப்பா பின்னாலும் நிற்பார்கள். நம் வீடுகளில் பழக்கமில்லாத இந்த ஏற்பாடு பிள்ளைக்கு எவ்வளவு தெம்பு தருகிறது என்பதை அதன் முகத்திலேயே பார்க்கலாம். அதைக் கெடுப்பது ஒன்றே ஒன்றுதான். பின்னால் நின்றுகொண்டு “காலை ஒழுங்கா தூக்குடா” என்று அப்பா திருத்துவது. திருத்துவது மாஸ்டர் வேலை. வீட்டில் பிள்ளை உங்களைத் திருத்த வந்தால் ஒரு நாளைக்கு ஒரு திருத்தம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் டெஸ்டுக்கு எல்லோரும் ஒரே நாளில் போக வேண்டியதுமில்லை. ‘ஃபேமிலி பேக்கேஜ்’ என்று தயாராகாதவரையும் நிற்க வைப்பது கட்டணத்துக்காகத்தான்.

வாரம் இரண்டு வகுப்பு, மற்ற நாட்களில் இரண்டு மூன்று தடவை வீட்டில் பத்து நிமிடம் என்பது பெரியவர்களுக்குச் சரியான அளவு. வழவழப்பான டைல்ஸ் தரையில் வியர்வை சொட்டினால் வழுக்கும். சாக்ஸ் போட்டால் இன்னும் மோசம். மொட்டை மாடியில் வெயில் தாழ்ந்து தரை ஆறிய பிறகு மட்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வருவதோடு, வகுப்புக்குப் பின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் தினம் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் வெறுங்காலில் ஏற்பட்ட கொப்புளம் தெரியாமலே புண்ணாகிவிடும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வரக் கூடாது. பையில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும்.

சுளுக்கினால் உடனே எண்ணெய் போட்டு நீவுவது நம் வழக்கம். புது வீக்கத்தின் மேல் நீவினால் உள்கசிவு கூடும். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். அந்தக் காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

சக பயிற்றுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழா மேடையில் எட்டு வயதுப் பிள்ளைகளை ஓடு உடைக்க வைக்காதீர்கள். அந்த வயதில் எலும்பின் வளரும் நுனி குருத்தெலும்பாகவே இருக்கும். அங்கே அடிபட்டால் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். கைதட்டல் வேண்டுமென்றால் அம்மா, அப்பா, பிள்ளை மூவரையும் மேடையேற்றி ஒரே நேரத்தில் இல் ஜாங் செய்ய வையுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு பேட்ச் வையுங்கள். வார்ம்-அப்பும் பூம்சேயும் ஒன்றாக நடக்கட்டும். உதைப் பயிற்சிக்கு மட்டும் இரண்டாகப் பிரித்து, பெரியவர்களுக்கு எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

இப்படிக்கு,
டேக்வாண்டோ பயிற்றுநர்கள் சிலர்,
தாம்பரம்.