வேளச்சேரியா குரோம்பேட்டையா, நீ ஒரு வார்த்தை சொல்லு

ஏல மக்கா,

எட்டு மாசமா ஒரு வரி போடலன்னு கோவமாத்தான் இருப்ப, உன் மெசேஜ் மூணையும் பாத்துட்டு சாவகாசமா எழுதுவோம்னு வச்சு வச்சே நாள் ஓடிட்டு, மன்னிச்சுக்கோ. இங்கன எல்லாரும் சௌக்கியம். அம்மைக்கு முட்டு வலி அப்பிடியேதான். சின்னவ ஏழாங்கிளாஸ் போறா. கணக்கு சார்வாளை டவுண்ல பாத்தேன், உன்னைய இன்னும் "செருப்பு எப்பிடி இருக்கான்"னுதான் விசாரிக்காவ. குறுக்குத்துறையில நடந்ததை அவுக சாகுற வரைக்கும் மறக்க மாட்டாவ போல.

விஷயத்துக்கு வாரேன். எனக்கு மெட்ராஸ் மாத்திட்டாவ. ஆபீஸ் பெருங்குடியில, ஜூன்ல ஜாயின் பண்ணணும். வீடு பாக்கப் போயி நாலு நாள் சுத்திட்டு நேத்து நெல்லை எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்குனேன், மனசு ஒரு நிலையில இல்ல, அதான் உனக்கு எழுத உக்காந்துட்டேன்.

முத நாள் வேளச்சேரி. ஆபீஸுக்குப் பக்கம், பறக்கும் ரயில் இருக்கு, கடை கண்ணி எல்லாம் நடக்குற தூரம். ரெண்டு பெட்ரூம், கீழ்வீடு, 22 ஆயிரம் வாடகை, நல்ல வெளிச்சம், உள்ள நுழைஞ்சதுமே பிடிச்சிப் போச்சு. போட்டோ அனுப்புனேன், வீட்டுல அவ அந்தானைக்கு "இதையே முடிங்க"ன்னுட்டா. நானும் ஓனர்ட்ட அட்வான்ஸ் பேச ஆரம்பிச்சிட்டேன், ஆறு மாசம் கேட்டாரு. 2017 வாடகைச் சட்டத்துல மூணு மாசந்தானேன்னு கேட்டேன், அக்ரிமெண்ட்ல ரெண்டு பேரும் ஒத்து எழுதிக்கிட்டா கூடவும் வாங்கலாம்னு அவரு சட்டத்தைப் படிச்சி வச்சிருக்காரு, அதுவும் சரிதான். அப்பந்தான் வெளிய கரண்டு மீட்டர் பெட்டியைப் பாக்கேன், என் தலைக்கு மேல மாட்டியிருக்கு. காம்பவுண்டு செவுத்துல இடுப்பு அளவு வரைக்கும் ஒரு பெயிண்டு, அதுக்கு மேல வேற பெயிண்டு. எனக்கு வயித்தைக் கலக்கிட்டு மக்கா. அந்த மாதிரி வெள்ளக் கோடு என் வீட்டுலயும் இருக்குல்லா.

தெருமுனையில ஒரு மளிகைக்கடை, சோடா குடிக்க நின்னேன். கடைக்கார அண்ணாச்சிட்ட மழைக்கு எப்பிடின்னு கேட்டேன். "2015லயும் வந்துச்சு, 2023லயும் வந்துச்சு தம்பி, கீழ்கட்டளை ஏரி, நாராயணபுரம் ஏரி எல்லாம் மறுகால் பாஞ்சு பள்ளிக்கரணைக்குத்தான் வரணும், நாமதான் நடுவுல உக்காந்திருக்கோம்"ன்னாரு. ஏரி ரொம்பி வழியுறதை மறுகாலுன்னு சொன்னாரு பாரு, நம்ம பக்கத்து ஆளுன்னு அங்கனயே தெரிஞ்சிட்டு. அண்ணாச்சி எந்த ஊருன்னேன், திசையன்விளை பக்கம். முப்பது வருசமா அங்கன கடை வச்சிருக்காரு, ஒவ்வொரு ஐப்பசிக்கும் அரிசி மூட்டையை மேல் தட்டுக்கு ஏத்திருவாராம்.

நம்ம ஊர்ல குளத்து உள்வாயில, தண்ணி நிக்குற இடத்துல, ஒருத்தன் வீடு கட்டுனா பெரியவங்க என்ன ஏசு ஏசுவாவ! அங்க பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை 2022ல ராம்சர் தளம்னு, உலக அளவுல காப்பாத்த வேண்டிய சதுப்புப் பட்டியல்ல, சேத்துட்டாவ, ஆனா அதுக்கு முன்னாடியே சுத்தி முச்சூடும் கட்டிடம் எழும்பிட்டு. அத்தனை ஏரித் தண்ணியும் அந்தச் சதுப்புக்கு வந்து ஒக்கியம் மடுவு வழியாத்தான் கடலுக்குப் போவணும். அது போற வழியில நான் 22 ஆயிரம் குடுத்துக் குடியிருக்கணுமா?

உனக்குத் தெரியும், நான் ஏன் இவ்வளவு பதறுதேன்னு. 2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணி ஆத்துல வெள்ளம் வந்து நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே தெப்பக்குளமா கிடந்துச்சு, நான் அம்மையைத் தூக்கிட்டு எதுத்த வீட்டு மாடிக்குப் போனேன், பட்டாசல்ல பீரோ மிதக்குறதை அவ மேல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா, ஒரு சத்தம் போடல. நீ ரெண்டு நாளா போன் போட்டு கிடைக்காம அழுதியாமே, மதினி பெறகு சொன்னாவ. அன்னிக்குக் காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர் பேஞ்சுது. உங்க பம்பாய்ல 2005 ஜூலை 26ல சாந்தாகுரூஸ்ல கொட்டுனது 94. அந்த ராத்திரி நீ விடிய விடிய நடந்து வீடு சேந்த, நான் இங்கேருந்து எஸ்டிடி பூத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். நம்ம ரெண்டு பேருக்கும் தண்ணி என்ன செய்யும்னு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ரெண்டாவது நாள் மேடவாக்கம் பக்கம் பாத்தேன், ரோடு பூரா மெட்ரோ வேலை, மனசுக்கு ஒட்டல. நங்கநல்லூர் அம்மைக்குன்னே செஞ்ச ஊரு மாதிரி, தெருவுக்குத் தெரு கோயில், ஆனா வாடகை நமக்குக் கட்டாது. கடைசியா குரோம்பேட்டையில ஒரு ரெண்டாம் மாடி, 17 ஆயிரம், மூணு மாச அட்வான்ஸ். தெரு மேடா இருக்கு, ரெண்டு வெள்ளத்துலயும் கரண்ட்டுதான் போச்சு, தண்ணி ஏறலன்னு எதுத்த வீட்டு ஆச்சி சொன்னாவ. லிப்ட் இருக்கு. தாம்பரம் பக்கம், அங்கன ஏறுனா வந்தே பாரத்தோ நெல்லையோ ஊருக்கு வந்துரலாம், கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டும் அந்தப் பக்கந்தான். தார்சா கிடையாது, புறவாசல் கிடையாது, அது அங்க எங்கயும் கிடைக்காது.

அம்மைட்ட போன்ல சொன்னேன். வாடகை கேக்கல, ரூம் எத்தனைன்னு கேக்கல. "தண்ணி எங்கேருந்துல வருது?"ன்னா. போர் தண்ணி, குடிக்க கேன் தண்ணின்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. ஆத்துல குளிச்சு வளந்தவ. 2019ல மெட்ராஸுக்கு ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல தண்ணி கொண்டாந்தாவல்லா, அதை டிவில பாத்ததை இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கா. ஓனர்ட்ட கோடையில போர் வத்துமான்னு கேட்டேன், மே மாசம் லாரி வாங்குவோம், செலவைப் பிரிச்சிக்கிடுவோம்னு உள்ளதைச் சொன்னாரு. ஒளிக்காம சொன்னதே எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

இப்ப ஒரே இடிப்பு ஆபீஸ் தூரந்தான். பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டுல காலைல வேணும்னே எட்டரைக்கு பைக்குல போயிப் பாத்தேன், அம்பத்தஞ்சு நிமிஷம். சாயங்காலம் இன்னும் கூட ஆகும். வீட்டுக்காரி அதைத்தான் சொல்லுதா, "வெள்ளம் எட்டு வருசத்துக்கு ஒருக்க வரும், நீங்க தினம் ரெண்டு மணி நேரம் ரோட்டுல கிடப்பீங்களா, பிள்ளை முகத்தை எப்பப் பாப்பீங்க"ன்னு. எனக்குப் பதில் வரல.

அதான் உன்ட்ட கேக்கேன், மழுப்பாம சொல்லுல. நீ வாடகைக்குப் பயந்து கல்யாண்ல வீடு பிடிச்சு பத்தொம்பது வருசமா லோக்கல் ட்ரெயின்ல போயிட்டு வார. பெரியவன் வளந்தது உனக்குத் தெரிஞ்சுதா? நான் அங்க வந்தப்ப நீ ராத்திரி ஒம்பதரைக்கு வந்து தூங்குற பயலோட தலையைத் தடவுனதைப் பாத்தேன், அன்னிக்குக் கேக்கல. திரும்ப முதல்லேருந்து ஆரம்பிச்சா, கல்யாணே எடுப்பியா, இல்ல கூடக் குடுத்து ஆபீஸ் பக்கம் ஒத்த ரூம் எடுப்பியா?

குரோம்பேட்டை ஓனர் வெள்ளிக்கிழமை வரைக்கும் டயம் குடுத்திருக்காரு. வியாழன் ராத்திரிக்குள்ள போன் போடு, எத்தனை மணி ஆனாலும் சரி, முழிச்சிருப்பேன். மதினியை ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு, அவுகட்டயும் இதே கேள்வியைக் கேட்டு, அவுக என்ன சொன்னாவன்னு தனியா சொல்லு.

உன் கூட்டாளி