தினம் 40 ரூபாய் என்றால் கட்டிவிடுவேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையம் பக்கம் பதினாறு வருஷமாகத் தள்ளுவண்டியில் இட்லி, பணியாரம் போடுகிறேன். சாலையோர வியாபாரிகளுக்கு வங்கி மூலம் கொடுக்க 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஸ்வநிதி கடன் பற்றி எழுதுகிறேன்.

நல்ல கடன்தான். அடமானம் கிடையாது. முதலில் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் 20,000, அப்புறம் 50,000. இப்போது முதல் இரண்டையும் 15,000, 25,000 என்று உயர்த்தியிருக்கிறார்கள். இரண்டாவது கடனில் பெரிய கிரைண்டர் வாங்கினேன். இன்று பக்கத்து இரண்டு கடைகளுக்கும் மாவு ஆட்டிக் கொடுக்கிறேன். இரண்டு பெண்கள் என்னிடம் வேலைக்கு வருகிறார்கள்.

ஆனாலும் எங்கள் வரிசையில் பாதிப் பேர் இன்னும் தண்டல்காரரிடம்தான் போகிறார்கள். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருவார். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வங்கியில் ஒரு வருஷத்துக்கும் சேர்த்தே அவ்வளவு வட்டி வராது, அதிலும் ஒழுங்காகக் கட்டினால் ஏழு சதவீத வட்டியை அரசு திருப்பித் தருகிறது. இந்தக் கணக்கு தெரியாமல் யாரும் போகவில்லை. தண்டல்காரர் கல்லாவில் காசு இருக்கும் நேரம் பார்த்து வண்டிக்கே வருகிறார். மழை என்றால் "நாளைக்குச் சேர்த்துக் கொடும்மா" என்பார். வங்கிக்கோ மாதம் ஐந்தாம் தேதி மொத்தமாக வேண்டும். எங்களுக்குக் காசு தினமும் வரும், அரிசி, உளுந்து, கேஸ் என்று தினமும் போய்விடும்.

போன ஐப்பசி மழையில் எட்டு நாள் வண்டி போடவில்லை. கணக்கில் 1,200 ரூபாய் இல்லை, தவணை தவறியது, அபராதம் பிடித்தார்கள். கடைசியில் நானும் தண்டல் வாங்கித்தான் வங்கிக்குக் கட்டினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. 50,000 வாங்கி இன்னொரு வண்டி போடலாம் என்றிருந்தேன், அது தள்ளிப்போகிறது.

தினமும் என் கடையில் நாலு இட்லி சாப்பிடும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் சொன்னார்: 1928-லேயே சிண்டிகேட் வங்கி 'பிக்மி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்து, வீடு வீடாக ஆள் அனுப்பி இரண்டணா முதல் சேமிப்பு வாங்கியதாம். சேமிப்பை அப்படி வாங்க முடிந்தவர்களுக்குக் கடன் தவணையை வாங்க முடியாதா? ஆள்கூட வேண்டாம், என் வண்டியில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. அதில் விழும் காசிலிருந்து தினம் 40 ரூபாய் எடுத்துக்கொள்ளட்டும். வியாபாரம் இல்லாத நாளில் எடுக்காமல் விட்டு, பிறகு சேர்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த மழைக்கு முன்னால் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு தள்ளுவண்டிக் கடைக்காரி,
ஆரப்பாளையம், மதுரை