யாக்கோபு ஏன் மாறினார்?

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். "இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதற்கு என்ன ஆதாரம், பழக்கத்தைத் தவிர?" என்று போனில் கேட்டாய். கேட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா" என்று அப்போஸ்தலர் பவுலே எழுதிவைத்திருக்கிறார். மொத்த விசுவாசமும் ஒரு நிகழ்ச்சியை நம்பி நிற்கும்போது, அதை விசாரிக்காதே என்று பெற்ற தாய் சொல்லலாமா?

அந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள். 1 கொரிந்தியர், ஏறக்குறைய கி.பி. 54-ஐ ஒட்டி எபேசுவிலிருந்து எழுதப்பட்டது. சிலுவை மரணம் நடந்து ஒரு தலைமுறைகூடக் கடக்கவில்லை. 15-ஆம் அதிகாரத்தில், தான் பெற்றுக்கொண்டதையே ஒப்புவித்ததாகச் சொல்லி, ஆண்டவரைக் கண்டவர்களை வரிசையாகச் சொல்கிறார்: கேபா என்னும் பேதுரு, பன்னிரு சீஷர், ஐந்நூறு பேருக்கும் அதிகமான சகோதரர். அந்த ஐந்நூறு பேரில் அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். பொய் சொல்கிறவன் சாட்சிகளின் பக்கம் கைகாட்ட மாட்டான்.

என் மனத்தை அதிகம் பிடித்து வைத்திருப்பது அடுத்த வரிதான்: "பின்பு யாக்கோபுக்குக் காணப்பட்டார்." இவர் ஆண்டவருடைய சகோதரர். ஒரே வீட்டில் வளர்ந்தவர். சகோதரர்கள் இயேசுவை விசுவாசிக்கவில்லை என்று யோவான் எழுதுகிறார். அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று சொல்லி, வீட்டார் அவரைப் பிடித்துக்கொண்டு போக வந்ததாக மாற்கு எழுதுகிறார். சபைக்குப் பெருமை தராத இந்தச் செய்தியை யாரும் கற்பனையாகச் சேர்த்திருக்க மாட்டார்கள். அதன்பின் சிலுவை. மரத்தில் தூக்கப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்பது உபாகமத்தின் சொல். அண்ணன் தேவன் அனுப்பியவர் அல்லர் என்பதற்கு, நம்பாத தம்பிக்கு அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஆனால் சில ஆண்டுகளில் அதே யாக்கோபு எருசலேம் சபையின் தூணாக நிற்கிறார். பவுல் பேதுருவோடு 15 நாள் தங்கியபோது யாக்கோபையும் நேரில் கண்டதாகக் கலாத்தியர் நிருபம் சொல்கிறது. ஆகவே இந்த வரி செவிவழிக் கதை அல்ல. கி.பி. 62-ல் பிரதான ஆசாரியன் அனனுஸ் யாக்கோபைக் கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுத்ததை எழுதிவைத்தவர் யோசேப்பஸ். அவர் கிறிஸ்தவர் அல்லர், யூத வரலாற்றாசிரியர்.

"துக்கத்தில் தோன்றிய தரிசனமாக இருக்கலாமே" என்பாய். உயிர்த்தெழுதலை மறுத்த ஜெர்மானிய ஆய்வாளர் கெர்ட் லூடெமன், சீஷர்கள் எதையோ கண்டார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, அதை இப்படித்தான் விளக்கினார். துக்கத்தில் இப்படி நேர்வது நமக்குத் தெரியாததா? ஆச்சி இறந்த புதிதில், விடியற்காலை அடுப்படியில் அவர் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக அத்தை சொன்னாள். இடிக்கும் சத்தம்கூடக் கேட்டதாம். அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஆச்சி கல்லறையை விட்டு எழுந்துவிட்டார் என்று அவளும் நினைக்கவில்லை. அந்த வாரமே கல்லறைக்குச் சிலுவை செய்யச் சொல்லிப் பணம் கொடுத்தாள். துக்கம் தரும் தரிசனம் இறந்தவரை இறந்தவராகவே விட்டுவிடுகிறது. அதுவும், உயிர்த்தெழுதல் கடைசி நாளில் நடக்கும் என்றுதான் இயேசுவோடு நெருங்கிப் பழகிய மார்த்தாள்கூட நம்பியிருந்தாள். ரோமருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்த யூதத் தலைவன் பார் கொக்பா கி.பி. 135-ல் கொல்லப்பட்டபோது, அவனை மேசியா என்று கொண்டாடியவர்கள் அவன் எழுந்தான் என்று சொல்லவில்லை. யாக்கோபுக்கோ, முன்பு சபையைத் துன்புறுத்திக்கொண்டிருந்த பவுலுக்கோ அப்படி ஏங்கும் துக்கம் இருந்ததாகவும் தெரியவில்லை.

காலியான கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள் என்று நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. பெண்களின் சாட்சியை ஏற்கலாகாது என்று யோசேப்பஸ் எழுதிய காலம் அது. கதை கட்டுகிறவர்கள் மகதலேனா மரியாளை முன்னால் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

கணக்குப் போட்டு விடை எழுதுவதுபோல இதை நிரூபிக்க என்னால் முடியாது, ராசா. ஆனால் யாக்கோபின் மாற்றத்துக்கு, அவர் எழுந்த ஆண்டவரைக் கண்டார் என்பதைவிடப் பொருத்தமான காரணம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. ஈஸ்டருக்கு முன் கலாத்தியர் முதல் அதிகாரத்தையும் 1 கொரிந்தியர் 15-ஐயும் சேர்த்து வாசி. உனக்கு வேறு காரணம் தோன்றினால் மறைக்காமல் எழுது, பேசுவோம்.

ஜெபத்துடன்,
அம்மா