சர்வீஸுக்குக் கொடுத்த தூண்டில் ரீலும் ஒட்டிப்போன டிராக்கும்: புகார்க் கடிதம்

அனுப்புநர்:
தூத்துக்குடி வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, போன் நம்பர், பில் நம்பர் எல்லாம் நாலு தடவை கொடுத்தாயிற்று. உங்கள் புகார்ப் பதிவில் இருக்கும்.)

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: மழைக்கு முன் நீங்கள் சர்வீஸ் செய்து அனுப்பிய தூண்டில் ரீலில் டிராக் (மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கிற பிரேக்) ஒட்டிப்போனது, அதற்காக நான் அலைந்த அலைச்சல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதற்கு முன் நாலு மின்னஞ்சல் அனுப்பினேன். நாலுக்கும் முதலில் ஒரே பதில்தான் வந்தது: "உங்கள் பொறுமைக்கு நன்றி." அந்தப் பொறுமை தீர்ந்துவிட்டது. அதனால்தான் தாளில் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

ரீல் 5000 சைஸ் ஸ்பின்னிங். எந்த மாடல், உள்ளே என்ன வாஷர் என்றெல்லாம் நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் சரக்கு உங்களுக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துத்தான் அக்டோபரில் 850 ரூபாய் கட்டி உங்களிடம் சர்வீஸுக்கு அனுப்பினேன்.

ஒவ்வொரு வருஷமும் இதை நானேதான் செய்வேன். பன்னிரண்டு வருஷப் பழக்கம். கடலுக்குப் போய்விட்டு வந்ததும் டிராக் நாபை, அதாவது டிராக்கை இறுக்கித் தளர்த்துகிற திருகை, நன்றாக இறுக்கிவிடுவேன், தண்ணீர் வாஷருக்குள் இறங்கக் கூடாது என்று. பிறகு ஒரு சொம்பு நல்ல தண்ணீரை மெதுவாக மேலே ஊற்றிக் கழுவுவேன். பைப்பை வைத்துப் பீய்ச்சினால் மேலே இருக்கிற உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். துடைத்து, நிழலில் ஒரு ராத்திரி காய வைப்பேன். காய்ந்த பிறகு நாபை முழுக்கத் தளர்த்தி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைப்பேன். கழுவும்போது இறுக்கு, காய்ந்ததும் தளர்த்து. இவ்வளவுதான் வேலை. நாலு மாதத்துக்கு ஒரு தடவை வாஷர்களைப் பிடித்திருக்கிற கம்பி கிளிப்பைக் கழற்றி, அவற்றை எடுத்த வரிசையிலேயே செய்தித்தாளில் பரப்பித் துடைத்து, ஃபெல்ட் (அமுக்கிய நார்) வாஷரில் டிராக் கிரீஸை விரலால் நீவி விடுவேன். கார்பன் வாஷர் காய்ந்து கிடந்தாலும் ஓரளவு ஓடும். ஃபெல்ட் காயவே கூடாது.

போன அக்டோபரில் வீட்டில் கல்யாணம். பந்தல்காரன் பின்னாலும் சமையல்காரன் பின்னாலும் ஓடிக்கொண்டிருந்ததில் ரீலைத் தொட நேரமில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் எப்படியும் இரண்டரை மாதம் அது சும்மாதான் கிடக்கும். சரி, கம்பெனிக்காரர்களே சுத்தம் பண்ணித் தரட்டுமே என்று கூரியரில் அனுப்பினேன். நான் செய்த பெரிய தப்பு அது.

பத்து நாளில் திரும்பி வந்தது. தடிமனான பாலிதீன் கவர், வாயில் ஒரு ஸ்டிக்கர்: "பிரித்தால் சர்வீஸ் வாரண்டி செல்லாது." நான் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டு, பிரிக்காமல் பீரோ மேல் வைத்துவிட்டேன்.

ஜனவரி 11. வாடைக் காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. "அண்ணாச்சி, பார் மேல மீன் நிக்கிது, வாரீகளா?" என்று படகுக்காரத் தம்பி போன் போட்டார். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கிற பாறைத் திட்டு. அதிகாலை நாலு மணிக்குக் கவரைப் பிரித்தேன். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. டிராக் நாப் கடைசிவரை இறுக்கியிருந்தது. இரண்டு விரலால் திருப்பினால் அசையவில்லை. துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு விட்டுக்கொடுத்தது.

உங்கள் ஆள் கழுவுவதற்காக இறுக்கியிருக்கிறார். அது சரி. கழுவியபின் காய வைக்கவுமில்லை, தளர்த்தவுமில்லை. ஈரத்தோடு இறுக்கிக் கவரில் போட்டு ஒட்டியிருக்கிறீர்கள். அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரிவரை அந்த ஃபெல்ட் இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில் நசுங்கிக் கிடந்திருக்கிறது.

பிரெய்டு (பின்னல் நூல்) 40 பவுண்டு, அதாவது 18 கிலோ தாங்கும். நூலின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்குப்படி டிராக்கை 6 கிலோவுக்கு வைப்பேன். படகில் உட்கார்ந்து ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தேன். முள் 9 வரை ஏறியது, நூல் வரவில்லை. அப்புறம் திடீரென்று விட்டு 4-க்கு விழுந்தது. மறுபடி பிடித்தது, மறுபடி விட்டது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இன்ஜின் போட்டாயிற்று, மைத்துனர் வேறு கூட வந்திருந்தார். ஓட ஓடச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு விஷயத்தில் என் பங்கும் இருக்கிறது, மறைக்கவில்லை.

இரண்டாவது தடவை ஜிக்கை (உலோகத்தில் செய்த போலி இரையை) இறக்கி ஏற்றும்போது மீன் அடித்தது. மீன் ஓடும்போது ரீல் 'ட்ர்ர்ர்' என்று கத்த வேண்டும் அல்லவா? அந்தச் சத்தத்துக்காகத்தானே ஒரு மனுஷன் நடுச்சாமத்தில் எழுந்து கடலுக்குப் போகிறான்? கத்தவில்லை. ராடு மட்டும் வளைந்து தண்ணீரைத் தொட்டது. ஒரு முழம் நூல் குதித்து வந்தது, நின்றது. அடுத்த குலுக்கலில் முடிச்சுக்கு மேலே அறுந்துபோனது. பக்கவாட்டில் ஒரு வெள்ளி மின்னல் மாதிரி தெரிந்தது. பாறை மீன். 15 கிலோ இருக்கும், குறையாது.

"மாமா, கம்பெனி சர்வீஸ்ல்லா?" என்று மைத்துனர் கேட்டார். கரை சேரும்வரை இரண்டு மணி நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கிளிப்பைக் கழற்றிப் பார்த்தேன். மேல் ஃபெல்ட் நசுங்கிய அப்பளம் மாதிரி தகட்டோடு ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பித்தான் எடுத்தேன். எடுத்த இடத்தில் பாதி நார் தகட்டிலேயே நின்றுவிட்டது. தகட்டில் வட்டமாகப் பழுப்புக் கறை. கிரீஸா? தொட்டுப் பார்க்கக் கூட இல்லை. நான் பைக் ஸ்பேர்ஸ் கடை வைத்திருப்பவன். மழைக்காலம் முழுக்க நிறுத்திப்போட்ட வண்டியில் கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொள்வதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். உங்கள் டிராக்கும் கிளட்சும் ஒரே ஜாதிதான்.

அதற்குப் பிறகுதான் கூத்து. உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அடித்தேன். "டிராக் சரியில்லை" என்றேன். அந்தப் பெண், "டிராக் பண்ணித் தர்றேன் சார், கூரியர் நம்பர் சொல்லுங்க" என்றார். "அந்த டிராக் இல்லைம்மா, ரீலில் இருக்கிற டிராக்" என்றேன். "ரீலை டிராக் பண்ணணுமா சார்?" என்றார். அவர் மேல் கோபமில்லை, மரியாதையாகப் பேசிய பிள்ளை. ஆனால் தூண்டில் ரீல் விற்கிற கம்பெனியில் போனை எடுப்பவருக்கு டிராக் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்க மாட்டீர்களா? மூன்று தடவை அழைத்தேன், மூன்று தடவையும் அக்டோபர் மாதக் கூரியர் எங்கே இருக்கிறது என்று எனக்கு எஸ்எம்எஸ் வந்தது. "டெலிவரி ஆகிவிட்டது" என்று.

நாலாவது தடவை எடுத்தவர் விவரமானவர் மாதிரி பேசினார். "நேர்ல கொண்டு வாங்க சார், அரை மணி நேர வேலை" என்றார். நம்பி முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினேன். ராத்திரி முழுக்க ரயில், காலையில் சென்னை, அங்கிருந்து ஆட்டோ. பத்து மணிக்கு உங்கள் சர்வீஸ் சென்டர் வாசலில் நின்றேன். ஆன்லைனில் டோக்கன் போடாமல் வந்தால் பார்க்க மாட்டார்களாம். அங்கேயே நின்று போனில் டோக்கன் போட்டேன், மதியம் இரண்டு மணி என்று வந்தது. வாட்ச்மேன் தன் நாற்காலியைக் கொடுத்தார். அந்தக் கட்டடத்தில் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அது.

இரண்டு மணிக்கு உங்கள் ஆள் வந்தார். ரீலை வாங்கினார். நான் வாய் திறக்குமுன் நூல் சுற்றியிருக்கிற ஸ்பூலைக் கழற்றி, துரு எடுக்கிற ஸ்பிரேயை டிராக் குழிக்குள் 'புஸ்' என்று அடித்துவிட்டார்! ஃபெல்ட் வாஷருக்கு அதையா அடிப்பார்கள்? கொஞ்ச நஞ்சம் இருக்கிற பசையையும் கழுவி விடுகிற சாமான் அல்லவா அது? ஏன் தம்பி இப்படி என்று கேட்டேன். அதற்குச் சொன்னாரே ஒரு பதில். இன்றைக்கும் சாப்பிட உட்கார்ந்தால் ஞாபகம் வருகிறது.

"கடல்ல கொண்டு போனா உப்பு ஏறத்தான் அங்கிள் செய்யும். ஏரியில பிடிக்க வேண்டியதுதானே?"

ஐயா, ரீல் பெட்டியில் அலை படம் போட்டுக் 'கடல் மீன்பிடிக்கு ஏற்றது' என்று எழுதி 8,400 ரூபாய் வாங்கியது நீங்கள். நான் தூத்துக்குடிக்காரன். ஊரைச் சுற்றி உப்பளம். எனக்கா உப்பைப் பற்றிப் பாடம்? ரீலில் உப்பு ஏறியது என் கையில் அல்ல. கழுவிக் காய வைக்கிறேன் என்று காசு வாங்கியவர்கள் கையில். அந்தத் தம்பி பேசி முடித்துவிட்டு, வாஷர் ஸ்டாக் இல்லை, 45 நாள் ஆகும் என்று ரீலைத் துண்டு துண்டாக ஒரு கேரி பேக்கில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கம்பி கிளிப்பைக் காணோம். காது வைத்த தகடு ஒன்று திருப்பிப் போட்டுக் கிடக்கிறது.

பிறகு வந்தது உங்கள் மின்னஞ்சல்: "தவறான முறையில் சேமித்து வைத்ததால் ஏற்பட்ட பாதிப்பு. வாரண்டியில் வராது." சேமித்து வைத்தது யார்? உங்கள் கவர், உங்கள் ஸ்டிக்கர், நீங்கள் இறுக்கிய இறுக்கு. ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பதிலாக இன்னொரு மின்னஞ்சல், "தூசி போகாமல் இருக்க டிராக்கை எப்போதும் இறுக்கியே வைக்கவும்" என்று. அதற்கு அடுத்த வாரம் போனில் பேசிய உங்கள் ஆளோ, "தளர்த்தித்தான் சார் வைக்கணும், அது எல்லாருக்கும் தெரியுமே" என்றார். இறுக்கணுமா, தளர்த்தணுமா? உங்களுக்குள் பேசி முடிவு பண்ணிவிட்டுச் சொல்லுங்கள். ரீலோடு வந்த புத்தகத்தில் ஆறு பாஷை இருக்கிறது, எந்தப் பாஷையிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கோபத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். உங்கள் ரீல் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதே கம்பெனியின் பழைய 3000 சைஸ் ரீல் ஏழு வருஷமாக என்னிடம் ஓடுகிறது. அதை நீங்கள் ஒரு தடவைகூடச் சர்வீஸ் செய்ததில்லை. அதனால்தான் ஓடுகிறது போலிருக்கிறது.

நஷ்டக் கணக்கு இது. படகுக்கு என் பங்கு 4,500. அறுந்துபோன ஜிக், லீடர் (முனையில் கட்டுகிற நூல்), நூல் 1,900. சர்வீஸ் கட்டணம் 850, கூரியர் 300. சென்னைப் பயணம், சாப்பாடு, ஆட்டோ 2,200. கடையை இரண்டு நாள் பூட்டியதில் குறைந்தது 6,000. மீன் 15 கிலோவுக்குக் குறையாது, அதற்கு நான் விலை போடவில்லை. இந்த சீசனே எனக்குப் போய்விட்டது. மைத்துனர் வீட்டு விசேஷத்துக்குப் போக முடியவில்லை, போனால் "கம்பெனி சர்வீஸ்ல்லா" என்று ஆரம்பித்துவிடுகிறார். மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் கேட்டாலும் தகும்.

ஆனால் நான் கேட்பது அவ்வளவு இல்லை. டிராக் வாஷர் செட் முழுவதும், காது தகடுகளோடு, கிளிப்போடு, இலவசமாக வேண்டும். உங்கள் ஆள் மாட்டித் தர வேண்டாம், நானே மாட்டிக்கொள்கிறேன். சர்வீஸ் கட்டணமும் சென்னை போய்வந்த செலவும் திரும்ப வேண்டும். 'தவறான சேமிப்பு' என்று என் பெயரில் போட்ட குறிப்பை அழிக்க வேண்டும். அந்த ஏரிக்காரத் தம்பி எனக்கு ஒரு வரி மன்னிப்பு எழுத வேண்டும். அவர் வேலை போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் படகில் கூட்டிப் போய் அந்த டிராக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னால் போதும்.

15 நாள் அவகாசம். அதற்குள் பதில் இல்லாவிட்டால் 1915-க்கு அடித்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன். அங்கேயும் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சத்துக்குள் வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. அப்போது நீங்கள்தான் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி வர வேண்டியிருக்கும். வாஷரை ஒட்டியது ஒட்டியபடியே படம் எடுத்து வைத்திருக்கிறேன். பிரித்த கவரும் ஸ்டிக்கரும் பத்திரமாக இருக்கின்றன.

அந்த அளவுக்குப் போக எனக்கும் விருப்பமில்லை. வாஷரை அனுப்பிவிட்டால் முடிந்தது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தூத்துக்குடி.

பி.கு.: சர்வீஸ் சென்டரில் இரண்டாவது மேசைக்கு அடியில் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரே அடிக்கும்போது ஏதோ தெறித்து விழுந்த சத்தம் கேட்டது. என் கிளிப் அங்கேதான் கிடக்கும்.